மேலே போகச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் பெங்களூர் விமான நிலையத்தின் வரலாறு இராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படும். நான் சோறு போடுவேன், என் வீட்டுக்காரர் ஏர்போர்ட் போடுவார். ரசத்துக்கு வருவதற்குள் ஒரு விமானமாவது இறங்கியிருக்கும்.

அவர் கார் ஓட்டுகிறார். ஏற்காட்டு மலைமேல் நாகலூரில் இருந்துகொண்டு, சுற்றுவட்டார எஸ்டேட் முதலாளிகளையும் அவர்கள் வீட்டு விருந்தாளிகளையும் பெங்களூர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார், அங்கிருந்து கூட்டி வருவார். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. மலையில் அவருக்கு ‘ஏர்போர்ட்டுக்காரர்’ என்றே பெயர். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எனக்கென்று ஒரு உத்தியோகம் இருந்தும் என்னை ‘ஏர்போர்ட்டுக்காரர் சம்சாரம்’ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு எரிச்சல் உண்டு. பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் யார் வீட்டுப் பிள்ளையாவது வெளிநாடு போகிறது என்றால் முதலில் அவரிடம்தான் ஆலோசனைக்கு வருவார்கள். அவரும் ஜோசியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, “டிக்கெட்டு காலையா சாயங்காலமா?” என்று ஆரம்பிப்பார்.

அவர் சொல்லும் வரலாறு இப்படிப் போகும். ஆதியில் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் போகிற ரோட்டிலேயே போனால் வந்துவிடும். வெளியே கம்பித் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஜனக்கூட்டம். எல்லோரும் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவரும் பிடித்திருக்கிறார். முதல் தடவை அட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றதை இவர் சொல்லமாட்டார். கூடப் போயிருந்த எஸ்டேட் ரைட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு விமான நிலையத்தைத் தேவனஹள்ளிக்கு மாற்றினார்கள். ஊரைத் தாண்டி எங்கேயோ, திராட்சைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தட்டில் கை வைப்பதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “பொட்டக்காட்டுல கொண்டுபோயி கட்டி வெச்சிருக்கறான் புள்ள. எவன் போவான் அத்தனை தொலவு? ரெண்டே வருசம், மாடு மேயும் பாரு.”

மாடு மேயவில்லை. ரோடு அகலமாயிற்று, மேம்பாலம் வந்தது, கட்டிடம் இரண்டு பக்கமும் இறக்கை விட்டது, விமானம் ஓட இன்னொரு பாதையும் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இவர் வாக்குச் சொன்னார், ஒவ்வொன்றும் தப்பாய்ப் போயிற்று. ஆனால் வரலாற்றை எழுதுகிறவன் கையில்தானே பேனா. மறுமுறை சொல்லும்போது எல்லாம், “நான் அப்பவே சொன்னேனல்ல, பெருசா வரும்னு” என்று மாறியிருக்கும். நான் ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கடைசியாக இரண்டாவது கட்டிடம் வந்தது. தோட்டத்துக்குள்ளே விமான நிலையமாம். மூங்கிலாம், தொங்கும் செடிகளாம். வாசலில் நின்று போனில் படம் எடுத்து வந்து காட்டினார். பார்த்தேன். நாங்கள் காப்பித் தோட்டத்தில் களை என்று வெட்டி வீசுகிற பெரணியை அங்கே தொட்டியில் வைத்து, உச்சியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இதைப் பாக்கவா அத்தனை பேர் போறாங்க? நம்ம கொல்லைக்கு வரச் சொல்லுங்க, சும்மாவே காட்டலாம்.”

“உனக்கு என்ன புள்ள தெரியும் ஏர்போர்ட்டப் பத்தி” என்றார்.

அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். “உள்ள கக்கூசெல்லாம் எப்படி இருக்குமுங்க?”

“சுத்தமாத்தான் இருக்கும்.”

“இருக்கும்னா? நீங்க பாத்ததில்லையா?”

சோற்றைப் பிசைந்தார், நன்றாகவே பிசைந்தார். “டிக்கெட்டு இல்லாம எவன் உள்ள வுடறான்?” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனுசன் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டியதில்லை. கல்யாண மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர் பந்தியைப் பற்றி இருபது வருடமாக எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு வரலாறு கொஞ்ச நாள் நின்றிருந்தது. ஆனாலும் விருந்தாளிகளும் விமானங்களும் நிற்கவில்லையே, திரும்ப ஆரம்பித்துவிட்டார்.

இனி எங்கள் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லையென்றால் நடந்தது புரியாது. மலையில் இருக்கிற எங்களுக்குத் திசை இரண்டுதான். ‘கீழே’ என்றால் சேலம். சேலத்தைத் தாண்டி இருக்கும் சென்னை, டில்லி, துபாய் எல்லாமே கீழேதான். ‘மேலே’ என்றால் எங்கள் ஊர், எங்கள் வீடு. “கீழ போயிட்டு சாயங்காலம் மேல வந்துட்டேன்” என்றால், சேலம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்று அர்த்தம். கீழே இருப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. சேலத்துத் துணிக்கடையில் ஒரு தடவை, “உங்க மாமியார் வரலைங்களா?” என்று கேட்டார்கள். “அவங்க நேத்தே மேல போயிட்டாங்க” என்றேன். கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “என்ன வயசுங்க இருக்கும்?” என்று கேட்டார். என் மாமியார் அந்நேரம் வீட்டில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா நினைத்த ‘மேலே’க்கு அவர் போனது பல வருடம் கழித்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. கீழே ஏதாவது ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று, நம் முறை வரும்போது உள்ளே இருப்பவர் பேப்பரைத் திருப்பித் தள்ளிவிட்டு, “இன்னைக்கு ஆகாதும்மா, மேல போயிருங்க” என்பார். அவர்களும் எங்களிடம் பேசிப் பேசி எங்கள் சொல்லைப் பழகிவிட்டார்கள். அதாவது வந்த காரியம் ஆகாது, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஏற்காட்டுக்குப் போய்ச் சேர். சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் மகளின் காலேஜ் அட்மிஷனுக்கும் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். யூனிபார்ம் போட்டவர் ‘மேல போங்க’ என்றால் நான் பேப்பரைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

என் மகள் துபாயில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் ஒரே கம்பெனியில் கணக்கு வேலை. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே, பிரசவத்துக்கு நான் போவதென்று முடிவு கட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஏனென்றால் அவள் பிறந்தபோது மழைக்கு மலைப்பாதை சரிந்து, வண்டி வாகனமெல்லாம் நின்றுபோயிற்று. நான் கீழே சேலத்து ஆஸ்பத்திரியில், என் அம்மாவும் வீட்டுக்காரரும் மேலே. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பெற்றேன். அம்மா வந்து சேர்ந்தபோது குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது. பயந்துபோயிருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. என் மகள் கம்பியைப் பிடிக்கக்கூடாது, என் கையைப் பிடிக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாஸ்போர்ட், விசா எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே டிக்கெட். வீட்டுக்காரர்தான் வண்டி என்று சொல்லவே வேண்டியதில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பாடம் ஆரம்பமாயிற்று. “நீ எதுக்கும் பயப்படாத. உன்னைய வாசல்ல கொண்டுபோயி எறக்கி விடறது என் பொறுப்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்.”

விடியும் முன்னே கிளம்பினோம். மலை இறங்கும்போது வழக்கம்போல மூக்கருகே எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டேன். மலையில் பிறந்தும் எனக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. தர்மபுரியில் டீக்கு நிறுத்தினோம். அப்போதுதான் மாப்பிள்ளையின் போன் வந்தது.

“அத்தை, அவளுக்கு லேசா வலி எடுத்திருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். டாக்டர் இன்னைக்கே ஆயிடும்ங்கறாங்க.”

“புள்ளைகிட்டக் குடுங்க.”

மகள் வாங்கி, “அம்மா, வந்துருவயில்ல?” என்று மட்டும் கேட்டாள். “வந்துட்டே இருக்கறேன் கண்ணு” என்றேன். டீயை வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம். இந்த விமானத்தைப் பிடித்தால் மத்தியானம் போய்ச் சேரலாம். விட்டால் அடுத்தது இராத்திரிதான் என்றார் மாப்பிள்ளை. இராத்திரி போய் என்ன செய்வது, தொட்டில் ஆட்டவா?

ஓசூரில் லாரிக் கூட்டத்தில் மாட்டி ஊர்ந்தோம். நான் எலுமிச்சம்பழத்தைக் கசக்கிக் கசக்கிக் கை கசந்துபோயிற்று. வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் வண்டி ஓட்டினால் பயப்படுகிறார் என்று அர்த்தம். பெங்களூரைத் தாண்டி விமான நிலைய ரோட்டுக்கு வந்தபிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. “இனிமே நம்ம எடம்” என்றார்.

இரண்டாவது கட்டிடத்துக்குப் போகிற வழியில் ஒரு இடத்தில் ரோடு பிரிந்தது. பலகையில் இரண்டு விமானப் படம். ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற மாதிரி, இன்னொன்று மூக்கைத் தாழ்த்தி இறங்குகிற மாதிரி. இவர் கொஞ்சமும் யோசிக்காமல் இறங்குகிற படத்துப் பக்கம் திருப்பினார்.

“ஏனுங்க, நான் ஏறித்தானே போகணும்? படத்துல எறங்குதே.”

“நீ வண்டிய விட்டு எறங்கணுமா வேண்டாமா? எறங்கற எடம்னு போட்டிருக்கறான். பேசாம வா புள்ள.”

பேசாமல் போனேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். இந்தப் புதுக் கட்டிடத்துக்கு அவர் வந்ததெல்லாம் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போக மட்டுமே. விடுவதற்கு வந்ததெல்லாம் பழைய கட்டிடம், அங்கே போவதும் வருவதும் ஒரே மட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில். புதுக் கட்டிடத்தில் போகிறவர்களுக்கு மாடி, வருகிறவர்களுக்குத் தரை. ஏர்போர்ட் வரலாற்றில் இந்த ஒரு அத்தியாயம் மட்டும் ஏர்போர்ட்டுக்காரருக்குத் தெரியாமல் போயிற்று.

பெட்டியையும் என்னையும் இறக்கிவிட்டு, “அந்தக் கதவுல டிக்கெட்டக் காட்டி உள்ள போயிட்டே இரு, நான் வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து கண்ணாடி வழியாப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கதவுக்குப் போனேன். உள்ளிருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யூனிபார்ம் போட்ட ஒருவர் என் டிக்கெட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இந்தியில் ஏதோ சொல்லிக் கையை வீசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சமயம் தள்ளுவண்டிகளை இரயில்பெட்டி போலக் கோத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஆள், நான் சேலை கட்டியிருந்த விதத்தையும் முகத்தையும் பார்த்துத் தமிழ் என்று கண்டுகொண்டு, “இங்க இல்லம்மா, மேல போங்க, மேல போயிருங்க” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

யூனிபார்ம் போட்டவர் தலையை ஆட்டியாயிற்று, இன்னொருவர் மேலே போகச் சொல்லியாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? பாஸ்போர்ட்டில் எழுத்துப் பிழையா, விசாவில் குறையா, என்னவோ ஒன்று ஆகவில்லை. காரியம் ஆகாது, ஏற்காட்டுக்குத் திரும்பிப் போ என்கிறார்கள். பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். அங்கே அவள் படுத்திருப்பாள், கம்பியைப் பிடித்திருப்பாள். நான் பிறந்த மலையே அந்நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “ஏனுங்க, என்னைய மேல போகச் சொல்லிட்டாங்க.”

வேறு ஊர் ஆளாக இருந்தால், ‘சரி, மாடிக்குப் போ’ என்றிருப்பார். இவரும் எங்கள் மலை ஆளாயிற்றே. “என்னது? எவன் சொன்னது? அங்கயே இரு” என்று கத்தினார். வண்டியை எங்கே போட்டாரோ, எப்படி ஓடி வந்தாரோ, மூச்சிரைக்க வந்து நின்றார். தள்ளுவண்டிக்காரர் இன்னொரு வரிசையைக் கோத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பி வந்தார். “இவர்தானுங்க” என்று காட்டிக் கொடுத்தேன். பாவம், நல்ல மனிதர். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளாம், பிறகு சொன்னார்.

வீட்டுக்காரர் தள்ளுவண்டிக்குக் குறுக்கே போய் நின்றார். “ஏனுங்க, எதுக்குங்க என் சம்சாரத்த மேல போகச் சொன்னீங்க?”

“மேல போனாத்தானேங்க ஃபிளைட்டு?”

“மேல ஏதுங்க ஃபிளைட்டு? மேல பஸ்சே நேரத்துக்கு வராது.”

தள்ளுவண்டிக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எங்கிருந்துங்க வர்றீங்க?”

“மேல இருந்துதானுங்க வர்றோம்.”

“மேல இருந்தா? அப்புறம் எதுக்குக் கீழ வந்தீங்க?”

“கீழ வராம எப்படிங்க ஏர்போர்ட்டுக்கு வர்றது?”

“நேரா மேலயே போயிருக்கலாமில்லீங்க.”

“காலைல மேல இருந்து கெளம்பி, அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கறேன். மறுபடி மேலயே போறதுக்கா? புள்ளைக்குப் பிரசவமுங்க. இவ போகலீன்னா அங்க ஒருத்தருமில்லீங்க. என்ன குறைன்னு சொல்லுங்க, பேப்பர் எல்லாம் இருக்குது.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. முப்பது வருடத்தில் அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. தள்ளுவண்டிக்காரருக்கு இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று விளங்கவில்லை. ஆனால் பிரசவம் என்பது மட்டும் விளங்கிவிட்டது. அவர் பேச்சை விட்டுவிட்டு, கையைத் தூக்கி ஒரு விரலால் எங்கள் தலைக்கு நேர் மேலே காட்டினார். நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். கூரை. கூரைக்கு மேலே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம்.

“மாடிங்க” என்றார் அவர். “இது வர்றவங்க வழி. போறவங்களுக்கு மாடி.”

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து மூக்கு ஒழுகிற்று. சிரித்து முடிக்க நேரமில்லை. தள்ளுவண்டிக்காரர் தன் வரிசையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வண்டியை உருவி என் பெட்டியைத் தூக்கிப் போட்டு, லிஃப்ட் வரைக்கும் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓடும்போதே எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் ஏறி லிஃப்ட் மூடும்போது, “ஏற்காடுன்னு முதல்லயே சொல்லிருந்தா…” என்று வெளியே நின்று அவர் சொன்னது பாதியோடு போயிற்று.

மாடிக் கதவில் டிக்கெட்டைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ‘போ, போ’ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். போய்விட்டேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கடைசி ஆள் நான்தான். மூடப்போகிற நேரம். அங்கிருந்த பெண் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “எந்த சீட்டு வேணும்மா?” என்று கேட்டது.

“முன்னாடி சீட்டாக் குடு சாமி. பின்னாடி உக்காந்தா வளைவுல எனக்கு வாந்தி வரும்.”

அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, “வழியில வளைவே இல்லம்மா” என்றது.

“துபாய் வரைக்குமா?”

“துபாய் வரைக்கும்.”

நம்பவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினேன்.

சோதனை எல்லாம் முடிந்து, விமானத்துக்குக் கூப்பிடும் இடத்தில் வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் போன். முதல் கேள்வி, “நேரமிருக்குதா?” இரண்டாவது, “புள்ள பேசுச்சா?” கொஞ்சம் நிறுத்தி மூன்றாவதாக, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, “உள்ள எப்படி இருக்குது?”

பயத்தில் இருந்தேன்தான். ஆனாலும் இருபது வருடச் சோற்றுக் கடன் இருக்கிறதல்லவா. “கூரை முழுக்க மூங்கிலுங்க. கட்டிடத்துக்குள்ளயே தண்ணி சலசலன்னு ஓடுதுங்க” என்றேன். கண்ணால் கண்ட உண்மை அது.

“சும்மா அளக்காத புள்ள. கட்டிடத்துக்குள்ள யாராச்சும் தண்ணி வுடுவானா?”

“சரி, அத வுடுங்க. உள்ள வந்து உக்கார்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எளநி வெட்டிக் குடுக்கறாங்க.” இது சுத்தப் பொய்.

“அதுதான் நான் அப்பவே சொன்னேனல்ல” என்றார் உடனே. “நொம்ப நல்லா கவனிப்பாங்கன்னு.”

அந்த இளநீர் இன்றைக்கு நாகலூரில் ஏர்போர்ட் வரலாற்றின் ஒரு பாகம். பக்கத்து ஊரான தலைச்சோலையில் ஒருவர் என்னிடமே சொன்னார், செவ்விளநீர் என்று.

விமானம் ஏறியதும் போனை அணைக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் எனக்கு ஒரு தகவலும் இல்லை. வளைவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வளைவு இருந்திருந்தால் தேவலாம், அதைத் திட்டிக்கொண்டாவது போயிருப்பேன். நேராகப் போகிற வண்டியில் யாரைத் திட்டுவது? சாப்பாடு கொடுத்தார்கள், அப்படியே மூடி வைத்தேன். பக்கத்தில் இருந்த பையன் சன்னல் வழியாகக் கடலைக் காட்டினான். பார்த்துத் தலையாட்டினேன், மனசில் பதியவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வாந்திக்காக அல்ல, வீட்டு வாசனைக்காக.

துபாயில் மாப்பிள்ளையின் சிநேகிதர் வந்து கூட்டிப்போனார். ‘இன்னும் ஆகலை, இன்னும் ஆகலை’ என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் போய் நின்றால், பிரசவ அறைக்கு முன்னால் ஒரு கதவு. கூட ஒருவர்தான் இருக்கலாமாம். மாப்பிள்ளை உள்ளே இருக்கிறாராம். நர்சு மலையாளப் பெண், ரொம்ப இனிமையாக, “அம்மா இங்கே இருந்தால் மதி, போதும்” என்று நாற்காலியைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். கதவில் சின்னதாய் ஒரு கண்ணாடி, அதிலும் உள்பக்கம் திரை. மலை இறங்கி, ஓசூர் தாண்டி, கூரைக்கு மேலே ஏறி, கடல் தாண்டி வந்தவளுக்கு அந்தக் கதவு ஒரு முழம் தூரம். உள்ளே மகள் கத்துவது கேட்கிறது. எழுந்து கதவைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டுக்காரர் இருபது வருடம் எப்படித்தான் பொறுமையாக வெளியே நின்றாரோ, எனக்கு ஒரு டீக் குடிக்கும் நேரம்கூட முடியவில்லை.

கதவு திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, எனக்குக் கண்ண இருட்டுது. நீங்க போங்க” என்றார். நல்ல பிள்ளை, கணக்கில் புலி. அந்த நேரத்தில் அவர் மயங்கி விழுந்ததுபோல எந்த மாப்பிள்ளையும் எந்த மாமியாருக்கும் உபகாரம் செய்திருக்க மாட்டான். விழுந்தவரை நர்சிடம் விட்டுவிட்டு நான் உள்ளே போனேன்.

மகள் கட்டில் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்து என் கையைக் கொடுத்தேன். என் கையில் இரண்டு விரல் ஒரு வாரம் மடங்கவில்லை, அப்படிப் பிடித்தாள். “பயமா இருக்குதும்மா” என்றாள். “இருக்கும் கண்ணு. எனக்கும் இருந்துச்சு” என்றேன்.

பேத்தி பிறந்தாள். குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தபிறகு, இடது கையாலேயே போனைப் பிடித்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்.

“புள்ள எப்படி இருக்குது?”

“நல்லா இருக்கறா. பேத்திங்க. மூக்கு உங்க மூக்கு, அதுக்கு நான் என்ன பண்றது.”

போனில் அவருக்குப் பின்னால் பெரிய இரைச்சல். ஜனங்கள் பேசுகிற சத்தம், பெட்டிச் சக்கரம் உருளுகிற சத்தம். இந்நேரத்துக்கு அவர் ஏற்காடு போய்ச் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டிருக்கவேண்டும்.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க?”

“இங்கதான். ஏர்போர்ட்டுலதான்.”

“இன்னுமா? ஊட்டுக்குப் போகலீங்களா? சவாரி எதாச்சும் கெடைச்சுதா?”

“ரெண்டு கேட்டாங்க. வரலீன்னுட்டேன்.”

“அங்க நின்னு என்னதான் பண்றீங்க?”

“ஊடு பூட்டிக் கெடக்குது, அங்க போயி என்ன பண்ண” என்றார். மூக்கை உறிஞ்சினார். “வெளிய வர்றவங்களப் பாத்துட்டு நிக்கறேன். இந்தப் பக்கம் மூணு கதவு இருக்குது புள்ள. நீ திரும்பி வர்றப்ப எதுல வருவேன்னு பாத்து வெச்சுக்கறேன்.”

நான் திரும்பி வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.